மதில்மேல் நடந்தது சிறுத்தைக் குட்டியா, மரநாயா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் விஷயம் இதுதான். பெங்களூரு பன்னேர்கட்டா சாலையை ஒட்டி, அரக்கெரே பக்கம் ஒரு லேஅவுட். இரவு 2.40க்கு சிசிடிவியில் 11 விநாடிக் காட்சி. பூனையைவிடக் கொஞ்சம் பெரிதாக, கருமையாக, நீண்ட வாலோடு ஏதோ ஒன்று காம்பவுண்ட் சுவர்மேல் நடந்து, மாமரத்தில் தாவி, அடுத்த வீட்டு சன்ஷேடுக்குப் போகிறது. கண்கள் வெள்ளையாக மின்னுகின்றன. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சிறுத்தைக் குட்டி என்கிறார், இன்னொருவர் கருஞ்சிறுத்தை என்கிறார். அசோசியேஷனில் கூண்டு வாங்க வசூல் பேச்சு தொடங்கிவிட்டது. கேள்வி "இது என்ன மிருகம்?" என்று இருந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பவை இரண்டு: சாயங்காலம் பிள்ளைகளைக் கீழே விளையாட விடலாமா? கூண்டு வைக்கலாமா? பிள்ளைகளை விடலாம். கூண்டு வைக்கக் கூடாது. காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வி அடுத்த மாதம் அடுத்த தெருவிலிருந்து வரும்.

நீங்கள் இணைத்த இரண்டு ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது, என் கணிப்பில், மரநாய். பெயரில்தான் நாய்; இது இரவில் மரமேறித் திரிந்து பழம் தின்னும் சிறு விலங்கு. கன்னடத்தில் 'புனுகு பெக்கு' என்று சொல்லுங்கள், பக்கத்து வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே புரியும். இந்த ஊருக்கு அது புதிதும் இல்லை. மரமும் பழமும் ஏறி ஒளிய ஒரு பரணும் இருக்கும் எந்தக் குடியிருப்பிலும் வாழக்கூடியது. இதில் எது உறுதி, எது ஊகம் என்பதைப் பிரித்துவிடுகிறேன். சிறுத்தை இல்லை என்பது உறுதி. மரநாய் என்பது மிகப் பெரிய வாய்ப்பு. கீழே சொல்லும் அளவும் தடமும் ஒத்து வந்துவிட்டால் அதுவும் உறுதி. ஆணா பெண்ணா, ஒன்றா இரண்டா, யார் வீட்டுப் பரணிலாவது குட்டி போட்டிருக்கிறதா என்பதையெல்லாம் 11 விநாடி வீடியோவை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

முதலில் வாலைப் பாருங்கள். மரநாய்க்குத் தலையும் உடலும் சேர்ந்து சுமார் 45 முதல் 70 செ.மீ., வால் கிட்டத்தட்ட அதே நீளம், எடை 2 முதல் 5 கிலோ. வால் நீளத்தை உடல் நீளத்தால் வகுத்தால் ஒன்றுக்குப் பக்கத்தில் வரும். வீட்டுப் பூனைக்கு அது முக்கால்வாசியைத் தாண்டுவது அரிது. காட்டுப்பூனைக்கு இன்னும் குறைவு, பாதிகூட வராது. சிறுத்தைக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. இந்த விகிதத்தின் அருமை என்னவென்றால், விலங்கு பக்கவாட்டில் தெரியும் ஒரே ஒரு ஃபிரேம் கிடைத்தால் போதும், கேமரா எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் கணக்கு மாறாது. உங்கள் இரண்டாவது படத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் வால் உடலுக்குச் சற்றுத்தான் குறைவு.

அடுத்தது நடை. மரநாய்க்குக் கால் குட்டை. நடக்கும்போது தலை முதுகைவிடத் தாழ்ந்திருக்கும், பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், வால் பின்னால் நீண்டு தொங்கும். பூனை இனங்கள் எல்லாம் காலை உயர்த்தி, தலையைத் தோளுக்கு ஏறக்குறைய நேராக வைத்து நடக்கும். சிறுத்தை நடந்தால் தோள்பட்டை எலும்பு மாறி மாறி எழுந்து இறங்குவது தெரியும். வால் கீழே வளைந்து நுனி மட்டும் மேலே சுருளும். உங்கள் படத்தில் தலை சுவரை முகர்கிற மாதிரி கீழே இருக்கிறது. நெற்றியில் ஒரு வெளிறிய பட்டை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி, வாலில் வளையம் எதுவும் இல்லை. இந்த மூன்றும் ஒன்றாக அமைவது மரநாயில்தான்.

குட்டி என்ற வாதத்துக்கு வருவோம். பூனை அளவில் இருக்கும் சிறுத்தைக் குட்டிக்கு இரண்டு மூன்று மாத வயதுதான் இருக்கும். அந்த வயதில் அது தனியாக ஊர் சுற்றாது. தாய் இரை தேடப் போகும்போது புதரிலோ பாறை இடுக்கிலோ பதுங்கிக் கிடக்கும். தாயை விட்டுப் பிரிவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், அப்போது அது தெருநாயைவிடப் பெரியது. தவிர, சிறுத்தைக் குட்டிக்குக் காலும் பாதமும் உடம்புக்குப் பொருந்தாத பருமனில் இருக்கும். உங்கள் படத்தில் இருப்பது குச்சிக் கால்.

மற்ற சாத்தியங்களையும் பார்த்துவிடலாம். புனுகுப் பூனை என்று தமிழில் சொல்லும் சிறிய இனம் வேறு; அதன் வாலில் ஏழெட்டுக் கறுப்பு வளையங்கள் இருக்கும், பெரும்பாலும் தரையில்தான் திரியும், மரமேறுவது அபூர்வம். கீரி பகலில் நடமாடுவது; இரவு 2.40க்கு மதிலில் வராது. பெருச்சாளிக்கு இந்த நீள வாலும் மரத்துக்குத் தாவும் லாகவமும் கிடையாது. தேவாங்கு பெங்களூரில் உண்டு, இந்திய அறிவியல் கழக வளாக மரங்களில்கூட இருக்கிறது, ஆனால் அதற்கு வாலே இல்லை.

இனி கேமராவைப் பற்றி, குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. இரவில் சிசிடிவி எடுப்பது இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில். அந்தப் படத்தில் நிறம் என்ற தகவலே இருக்காது. நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் மயிர் வெளிறித் தெரியலாம். ஆகவே 'கறுப்பாக இருந்தது' என்பதை ஆதாரமாக எடுக்க முடியாது. கருஞ்சிறுத்தை என்று சொன்னவருக்கு ஒரு சுவையான செய்தி: மலேசியக் காடுகளில் ஆய்வாளர்கள் கருஞ்சிறுத்தைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அறிந்தது இன்ஃப்ராரெட் கேமராவை வைத்துத்தான், ஏனென்றால் கறுப்புத் தோலில் மறைந்திருக்கும் வட்டப் புள்ளிகள் அந்த வெளிச்சத்தில் எழும்பித் தெரியும். உங்கள் கேமராவில் வந்தது கருஞ்சிறுத்தை என்றால் புள்ளிகள் தெரிந்திருக்க வேண்டும். கண் மின்னுவதும் அப்படித்தான். டார்ச் வெளிச்சத்தில் கண்ணின் நிறம் ஓரளவு துப்புத் தரும். இன்ஃப்ராரெட்டில் பூனை, நாய், மரநாய் எல்லாவற்றுக்கும் வெள்ளைதான்.

அளவிலும் கேமரா ஏமாற்றும். வீடுகளில் மாட்டுவது பெரும்பாலும் 2.8 அல்லது 3.6 மி.மீ. லென்ஸ். அகலமான காட்சிக்காக வைப்பது, அதனால் கேமராவுக்கு 2 மீட்டரில் வரும் பூனை 6 மீட்டரில் நிற்கும் ஆளோடு ஒப்பிட்டால் பூதாகரமாகத் தெரியும். மேலிருந்து கீழே பார்க்கும்படி மாட்டியிருந்தால் காலின் உயரம் சுருங்கி, முதுகு நீண்டு தெரியும். வேகமாக நகரும்போது ஃபிரேம்கள் இழுபட்டு வால் தடிக்கும், உடம்பு நீளும். ஆகவே ஓடும் காட்சியை விட்டுவிடுங்கள். நின்று முகர்ந்த அந்த ஒரு விநாடியை எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான நீளம் வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். முதல் வேலை, டிவிஆரிலிருந்து, அதாவது சிசிடிவி காட்சியைப் பதிந்து வைக்கும் பெட்டியிலிருந்து, அசல் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துவிடுவது. ஹார்ட்டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பியதை வைத்துக்கொண்டு அளக்காதீர்கள், சுருக்கும்போது விவரமெல்லாம் போய்விடும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள். பிறகு ஒரு மீட்டர் நீளக் கம்பில் 10 செ.மீ.க்கு ஒன்றாக வெள்ளைத் துணிக் கீற்று கட்டுங்கள். இருட்டிய பிறகு, கேமரா இரவுப் பயன்முறைக்கு மாறியதும், அந்த விலங்கு நின்ற அதே இடத்தில் ஒருவர் கம்பைச் சுவர்மேல் கிடத்திப் பிடிக்கட்டும். அதே கேமராவில், கோணம் துளியும் மாறாமல், ஒரு ஸ்கிரீன்ஷாட். இரண்டு படங்களையும் ஒரே திரையில் ஒரே அளவில் வைத்தால் மூக்கு நுனியிலிருந்து வால் அடிவரை எத்தனை கீற்று என்று எண்ணிவிடலாம். ஏழு கீற்றுக்குள் வந்தால் மரநாய். வளர்ந்த சிறுத்தைக்கு உங்கள் கம்பு போதாது. கம்பு பிடிக்கும் ஆள் ஒரு அடி முன்னே பின்னே நின்றுவிடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் பிழை, அதனால் சுவரில் இருக்கும் கறை, விரிசல், கம்பி முனை என ஏதாவது ஒன்றை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சுவர் பூசாததாக இருந்தால் கம்புகூடத் தேவையில்லை. இங்கே வழக்கமாகக் கட்டும் சாலிட் பிளாக் 16 அங்குல நீளம், அதாவது 40 செ.மீ.; ஒன்றரை பிளாக்குக்குள் உடல் அடங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

தடம் எடுப்பது இன்னும் சுலபம். கோலப்பொடி வேண்டும். அரிசி மாவு வேண்டாம், எறும்பும் அணிலும் விடியும் முன்னே கலைத்துவிடும். ரங்கோலிக்கு விற்கும் கல்பொடி நல்லது. சுவர்மேல் தூசி துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு, ஒரு மீட்டர் நீளத்துக்குச் சல்லடையால் 2 மி.மீ. கனத்தில் தூவுங்கள். அதற்குமேல் கனமானால் தடத்தின் விளிம்பு சரிந்துவிடும், குறைந்தால் விரல் பதியாது. மழைக்கால இரவில் பயனில்லை. விடிந்ததும், தெருப் பூனை நடக்கும் முன்னால் போய், தடத்துக்குப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வைத்து, நேர் மேலிருந்து படமெடுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் நிழல் விழுந்து விரல் தெளியும். மரநாய்க்கு ஐந்து விரல், நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய தடம். பூனைக்கு நான்கு விரல், நகம் பதியாது. நாய்க்கும் நான்குதான், ஆனால் முன்னால் நகப்புள்ளி இருக்கும், விரல்களுக்கும் பாதத்தின் நடுவில் மெத்தென்று இருக்கும் திண்டுக்கும் இடையில் ஒரு பெருக்கல் குறி போட இடமிருக்கும். வளர்ந்த சிறுத்தையின் தடம் மூன்று நாணயங்களை ஒட்டி வைத்த அகலம் வரும், நகம் கிடையாது, திண்டின் பின்விளிம்பில் மூன்று மடிப்பு. பூங்காச் சேற்றில் 'புலித்தடம்' என்று படமெடுத்துப் போடுபவற்றில் பெரும்பாலானவை நாயின் தடம் சேற்றில் விரிந்ததுதான்.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் விதை விதையாக எச்சம் கிடக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். வீடியோவைவிட எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. மரநாய் பழத்தை விழுங்கி, விதையை முழுசாக வெளியே தள்ளும். அதுவும் சுவர் முகடு, சன்ஷேடு, தண்ணீர்த் தொட்டி மூடி என்று திறந்த, உயரமான இடத்தில், திரும்பத் திரும்ப அதே இடத்தில். பப்பாளி விதை, சப்போட்டாக் கொட்டை, அத்தி, தெருவோரச் சிங்கப்பூர் செர்ரியின் பொடி விதை எல்லாம் கலந்திருக்கும். சிறுத்தை எச்சத்தில் மயிரும் எலும்புத் துணுக்கும் இருக்குமே தவிர பப்பாளி விதை இருக்காது. வௌவாலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மென்று சாறு உறிஞ்சித் துப்பிய சக்கை மரத்தடியில் சிதறிக் கிடக்கும், ஒரே இடத்தில் குவியாது. எச்சத்தைக் காய்ந்த நிலையில் பெருக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் ஊற்றி, ஊறவிட்டு, கையுறையோடு வழித்தெடுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் உங்கள் தெருக்காரர்களின் பயம் அசட்டுத்தனம் என்று சொல்ல மாட்டேன். பன்னேர்கட்டா காட்டில் சிறுத்தை உண்டு, அவ்வப்போது ஊருக்குள்ளும் வரும். 2016 பிப்ரவரி 7ஆம் தேதி ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பள்ளிக்குள் சிறுத்தை புகுந்தது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் பிள்ளைகள் இல்லை, ஆனால் பிடிக்கப் போனவர்கள் காயப்பட்டார்கள். 2023 அக்டோபர் கடைசியில் கூட்லு கேட் பக்கம் திரிந்த சிறுத்தை, பிடிக்கும் முயற்சியில் சுடப்பட்டு நவம்பர் 1 அன்று இறந்தது. அது உங்கள் பகுதியிலிருந்து வெகு தூரமும் இல்லை. ஆகவே எதைப் பார்த்தால் நான் என் பதிலை மாற்றிக்கொள்வேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: தோள் உயரம் 50 செ.மீ.க்கு மேல் அளவில் வந்தால்; நாணயக் கணக்கில் 7 செ.மீ.க்கு மேல் அகலமான நகமில்லாத தடம் கிடைத்தால்; தெருநாயை இழுத்துச் சென்ற தடமோ தின்ற மிச்சமோ கிடந்தால். இதில் ஒன்று இருந்தாலும் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு, எல்லோரையும் வீட்டுக்குள் போகச் சொல்லி, 112க்கும் வனத்துறை ரேஞ்ச் அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். கூட்டம் கூடினால்தான் சிறுத்தை மிரண்டு ஆள்மேல் பாயும். நாய்கள் இரவில் கத்துவது மட்டும் எதற்கும் ஆதாரமாகாது, மரநாயைப் பார்த்தாலும் அவை கத்தும்.

கூண்டு ஏன் கூடாது? முதலில் சட்டம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல, பொறி வைப்பது, பிடிப்பது, தீனி வைத்து ஈர்ப்பதும் அடங்கும். அசோசியேஷன் தீர்மானம் போட்டு வசூல் செய்தாலும் அது குற்றம்தான், அதுவும் ரசீதோடு கூடிய குற்றம். சட்டத்தை விட்டாலும் பலனில்லை. கூண்டில் பெரும்பாலும் மாட்டுவது தெருப் பூனை. மரநாயே மாட்டினாலும் கம்பியைக் கடித்துப் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். கொண்டுபோய் வேறெங்கோ விட்டால், பழமும் இடமும் இங்கே அப்படியே இருப்பதால் இன்னொன்று வந்துவிடும். மாட்டியது தாயாக இருந்தால் குட்டிகள் யாரோ ஒருவர் வீட்டு ஃபால்ஸ் சீலிங்குக்குள் செத்து நாறும். அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தால் மட்டும் கையால் தொடாமல், கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் நடத்தும் வனவிலங்கு மருத்துவமனைக்கோ வனத்துறைக்கோ தகவல் கொடுங்கள்.

செய்ய வேண்டியது சின்ன வேலைகள்தான். பழுத்த பப்பாளியையும் வாழைத்தாரையும் மரத்திலேயே விட்டு வைக்காதீர்கள். பூனைக்கும் நாய்க்கும் வைக்கும் சோற்றை இரவில் எடுத்துவிடுங்கள். முயல், புறா, கோழி வளர்ப்பவர்கள் கூட்டுக்கு ஓரங்குல வெல்டு மெஷ் அடிக்கட்டும். கோழி வலை என்று விற்கும் மெல்லிய கம்பி தாங்காது. மாமரக் கிளை மாடியிலிருந்து 2 மீட்டராவது விலகியிருக்கும்படி வெட்டுங்கள், ஆனால் கேபிள் வயர்மேல் நடந்துவரக்கூடியது என்பதால் இது மட்டும் போதாது. அந்துருண்டை, மிளகாய்த்தூள், விடிய விடிய எரியும் விளக்கு இவற்றில் எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டு நாளில் பழகிவிடும், அந்துருண்டை வாசம் உங்கள் பிள்ளைகளுக்குத்தான் கெடுதல்.

பரணிலோ ஃபால்ஸ் சீலிங்கிலோ இரவில் தடதடவென்று சத்தம் கேட்கும் வீடு இருந்தால் அவசரப்பட்டு ஓட்டையை அடைக்கச் சொல்லாதீர்கள். முதலில் வாசலாக இருக்கும் இடைவெளியில் செய்தித்தாளைத் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். மூன்று இரவு அசையாமல் இருந்தால் உள்ளே எதுவும் இல்லை, மெஷ் வைத்து ஸ்குரூ போட்டு மூடலாம். தாள் தள்ளப்பட்டிருந்து, மெல்லிய கீச்சுக் குரலும் கேட்டால் குட்டி இருக்கிறது. அவை தாயோடு வெளியே நடமாடத் தொடங்கும்வரை சில வாரங்கள் பொறுக்க வேண்டும். பிறகு இரவு ஒன்பது மணிக்குமேல், எல்லாம் வெளியே போனதைக் கேமராவில் பார்த்துக்கொண்டு மூடுங்கள். பகலில் மூடினால் உள்ளே வைத்துப் பூட்டுவதாகிவிடும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பார்க்கலாம், கிட்டே போகக் கூடாது, மூலையில் மடக்கக் கூடாது. மடக்கினால் கடிக்கும். கடியோ கீறலோ பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போக வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. வீட்டு நாய், பூனைக்கு இந்த வருடத் தடுப்பூசி பாக்கியிருந்தால் கூண்டுக்கு வசூலிக்க நினைத்த பணத்தில் அதைப் போட்டுவிடுங்கள். கோலப்பொடித் தடம் கிடைத்தால் நாணயத்தோடு எடுத்த படத்தை இங்கேயே இணைத்துவிடுங்கள், விரலை எண்ணிச் சொல்கிறேன்.